பாய்கிற சேவலும் கொத்துகிற பெட்டைகளும்

கொல்லையில் நாலு நாட்டுக்கோழி விடலாம் என்று ஆரம்பிக்கிறவர்கள் வெள்ளைக்கழிச்சலுக்குப் பயப்படுவார்கள், பருந்துக்கும் கீரிக்கும் பயப்படுவார்கள். நம் வீட்டுச் சேவலுக்கே பயந்து கையில் விளக்குமாறோடு துணி காயப்போடப் போகிற நிலை வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இந்தக் கதை உண்டு. ஆனால் சேவல் ஆள் மேல் பாய்வதும், அடைக்கோழி சீறுவதும், பெட்டைகள் ஒன்றையொன்று கொத்திக் குதறுவதும் ஒரே விஷயம் இல்லை. மூன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. எல்லாவற்றுக்கும் குச்சியை எடுத்தால் எதுவும் சரியாகாது.

முதலில் சேவல். குஞ்சாக இருக்கும்போது சாதுவாகத் திரிந்தது அஞ்சாறு மாதம் ஆனதும் ஆளே மாறிவிடும். பாயப் போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும், நாம்தான் கவனிப்பதில்லை. எங்கள் கீரிச் சேவல் (இறகு நிறத்தை வைத்துச் சொல்கிற பேர்) ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி, இறகு நுனி தரையில் சர்ரென்று உரச, பக்கவாட்டில் நாலு எட்டு வைக்கும். அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி கீழே ஒரு கல்லைக் கொத்தும், தின்னாது. கழுத்து இறகு குடை விரிந்ததுபோல் நிற்கும். அந்த நேரத்தில் திரும்பி நடந்தீர்கள் என்றால் கெண்டைக்காலில் அதன் கால் முள் இரண்டும் இறங்கும். “சேவலுக்கு முதுகைக் காட்டாதேடி” என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

அந்த முள் உள்ளே எலும்பு, மேலே கெட்டியான உறை. காயம் பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆனால் ஆழமாக இறங்கியிருக்கும். கொல்லை மண்ணில் கிளறிய கால் என்பதால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, டிடி ஊசி போட்டு நாளாகியிருந்தால் போய்ப் போட்டுக்கொள்வதுதான் புத்தி. மஞ்சள் பத்து மட்டும் போதாது.

ஓடினால் அது ஜெயித்தது. உதைத்தாலும் பிரயோஜனமில்லை, அதன் கணக்கில் நீங்களும் இன்னொரு சேவல், சண்டைக்கு ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், நாளைக்குத் திரும்ப வரும். நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று, பிறகு மெதுவாக அதை நோக்கி நடக்க வேண்டும், அது விலகும் வரைக்கும். கையில் முறமோ வாளியோ இருந்தால் முன்னால் பிடித்துக்கொள்ளலாம், அடிக்க இல்லை, மறைக்க. பழக்கப்பட்டவர்கள் லபக்கென்று தூக்கி, இறக்கையை அமுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது திமிறுவதை நிறுத்தும் வரை அப்படியே வேலையைப் பார்ப்பார்கள். மற்ற கோழிகள் முன்னால் இப்படித் தூக்கிச் சுற்றினால் பல சேவல்கள் அடங்கிவிடுகின்றன. எல்லாமே அடங்கும் என்று சொல்லமாட்டேன்.

எதற்குப் பாய்கிறது என்றும் பாருங்கள். காற்றில் படபடக்கும் நைட்டி, திடீரென்று ஓடும் பிள்ளைகள், கையில் கத்திக்கொண்டிருக்கும் பெட்டை, இவை மூன்றும் நிச்சயமாகக் கிளப்பிவிடும். பெட்டையைப் பிடிக்க வேண்டுமென்றால் இருட்டியபின் கூட்டிலிருந்து எடுங்கள், ஒரு சத்தமும் இருக்காது. இரண்டு சேவலுக்கு நாலு பெட்டை என்று வைத்திருந்தால் சேவல்களுக்குள் சண்டை, மிதிபட்டு மிதிபட்டுப் பெட்டைகளின் முதுகில் இறகே இருக்காது. எட்டு பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். முள்ளின் நுனியை அரத்தால் ராவி மழுங்க வைக்கலாம், ஆழமாக வெட்டினால் ரத்தம் கொட்டும், ஜாக்கிரதை.

இன்னொன்று, அசீல் பெருவிடை என்கிற சண்டைக்கோழி இனம் என்றாலே ஆளைக் கடித்துத் தின்றுவிடும் என்று ஒரு பேச்சு. நான் பார்த்தவரை அது இன்னொரு சேவலைக் கண்டால்தான் உயிரைக் கொடுத்து அடிக்கும், வளர்க்கிறவர் மடியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கையில் எடுத்துப் பழக்கிய இனம் அது. நம்மைத் துரத்துவது பெரும்பாலும் பிள்ளைகள் கொஞ்சிக் கொஞ்சி, ஆள் பயமே இல்லாமல் வளர்த்த குஞ்சுதான்.

அடைக்கோழியின் கோபத்தை நான் கோபமாகவே எடுத்துக்கொள்வதில்லை. 21 நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பொரித்த உயிர், கை நீட்டினால் கொத்தத்தான் செய்யும். சிலிர்த்துக்கொண்டு நாயையே தெருமுனை வரை விரட்டும் பெட்டை கிடைத்தால் அதை விற்காதீர்கள், அதன் குஞ்சுகளைப் பருந்து தூக்குவது குறைவு. பஞ்சாரத்தில், அதாவது கோழியைக் கவிழ்க்கிற கூடையில், தனியாகக் கவிழ்த்துத் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டியதுதான். பக்கத்துப் பெட்டையின் குஞ்சு உள்ளே வந்தால் மண்டையிலேயே போடும், அதற்காகவும் தனியாக வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் சொந்தக் குஞ்சையே கொத்தி விரட்டும், அது தாய் குஞ்சு பிரிக்கிற பருவம், பதற வேண்டாம். அடை தெளிவிக்க மூக்கில் இறகு செருகும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அடியில் காற்று வருகிற கம்பிக் கூண்டில் நாலைந்து நாள் விட்டால் தானாகத் தெளிந்துவிடும்.

பெட்டைகளுக்குள் கொத்துதான் உண்மையில் தலைவலி. யார் முதலில் தின்பது, யார் மேல் கம்பில் அடைவது என்று அவற்றுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. நார்வே நாட்டு விலங்கியல்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப் எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதி வைத்ததற்கு முன்பே நம் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதிதான். அந்த வரிசைக்காக ஒரு கொத்து, ஒரு விரட்டு என்றால் விட்டுவிடுங்கள். ரத்தம் வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிவப்பைப் பார்த்துவிட்டால் மொத்தக் கூட்டமும் அதே இடத்தில் கொத்தும், முட்டை வாயில் புண்ணானால் குடலையே இழுத்துவிடும். அடிபட்டதைத் தனியே எடுத்து, காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறி இறகு மூடிய பிறகுதான் சேர்க்க வேண்டும்.

இப்படிக் கொத்துவதற்குப் பெரும்பாலும் இடமும் தீனியும்தான் காரணம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நெருக்கி அடைத்துவிட்டு, குருணையும் தவிடும் மட்டும் போட்டால், புரதத்துக்கு அடுத்ததின் இறகைத்தான் பிடுங்கும். அடைத்தே வளர்ப்பதென்றால் ஒரு கோழிக்கு 8 முதல் 10 சதுர அடியாவது வேண்டும். கரையான், அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் தீவனச் செடி), கடலைப் புண்ணாக்கு என்று ஏதாவது சேருங்கள். முருங்கைக்கீரைக் கொத்தைத் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் பாதி நாள் அதோடு போகும். சாம்பல் கலந்த மண்ணில் புரள ஒரு குழி இருக்கட்டும், செள்ளுப் பூச்சி குறையும்.

சந்தையில் வாங்கிய புதுக்கோழியை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். நோய் இல்லை என்று தெரிய இரண்டு வாரமாவது தள்ளி வைத்து, பிறகு பஞ்சாரத்தில் எல்லாம் பார்க்கிற மாதிரி சில நாள் விட்டு, ஒரு ராத்திரி கூட்டுக்குள் ஏற்றிவிட்டால் காலையில் சண்டை பாதியாகிவிடும். தீனியை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

சரி, கீரிச் சேவல் என்ன ஆயிற்று என்றால், நான் தூக்கித் திரிந்ததில் என்னிடம் அடங்கியது, எதிர்வீட்டுச் சின்னவளிடம் அடங்கவில்லை. குத்தவைத்து விளையாடுகிற பிள்ளைக்குச் சேவல் முள் கண் மட்டத்தில் வருகிறது, அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. சண்டைக்கு விடுகிற கட்டுச்சேவலாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார், கத்தி கட்டி விடுவதற்குக் கொடுக்க மனசில்லை. அதன் சேவல் குஞ்சு எதையும் வளர்க்க வைத்துக்கொள்ளவுமில்லை, குணம் ரத்தத்தில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிவிட்டது. முற்றின சேவல், குக்கரில் வழக்கமான விசில் பத்தவில்லை, இன்னும் நாலு விட வேண்டியிருந்தது.