பம்பிங் 60-ஆ, 50-ஆ? மூன்றாவது எக்கோவில் வந்தது 42

ஒரு எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட்டில் பம்பிங், அதாவது நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளும் பங்கு, 60 சதவீதம். இரண்டு வாரத்தில் வேறு இடத்தில் எடுத்தால் 50. இதயத்தின் முன்பக்கச் சுவரில் அட்டாக் வந்தவர். மூன்றாவதாக எங்கள் மெஷினில் அளந்தால் 42. முதல் இரண்டு அலைச்சலும் வீண் என்பதுதான் வருத்தம். அட்டாக் வந்து 40 நாள் கழிந்தும் 35-க்கு மேல் ஏறாவிட்டால் ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) பொருத்துவது பற்றிப் பேச வேண்டியிருக்கும். அங்கே ஐந்து புள்ளிகூடப் பெரிய விஷயம்.

முதல் எக்கோவில் எம்-மோட் மட்டும். மிட்ரல் வால்வு (இடப்பக்க இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ளது) இதழ்களின் நுனிக்குப் பக்கத்தில், ரத்தத்தை உடலுக்குத் தள்ளும் அறையான இடது வென்ட்ரிக்கிளின் குறுக்கே ஒரே ஒரு கோடு. அதில் விரிந்த அகலம், சுருங்கிய அகலம். மீதியை மெஷின் தானே கணக்குப் போட்டுவிடும். இடது வென்ட்ரிக்கிள் முழுக்க ஒரே சீராகச் சுருங்கினால் இது போதும். இவருக்கோ வால்வுப் பக்கம் பிரமாதமாகச் சுருங்குகிறது, அறையின் கீழ்முனையான நுனி அசையவே இல்லை. செத்த இடத்தை அந்தக் கோடு தொடவே இல்லை. அட்டாக் வந்தவருக்கு எம்-மோட் எண்ணை மட்டும் எழுதித் தராதீர்கள்.

இரண்டாவதில் சிம்ப்சன் முறைதான் (இரண்டு படங்களில் அறையின் உள்விளிம்பை வரைந்து கொள்ளளவு கணக்கிடுவது), ஆனால் படத்தில் நுனி வெட்டுப்பட்டிருந்தது. நிஜமான நுனி மெல்லியது, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். வால்வுத் தளம்தான் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அதை நோக்கி இறங்கும். கூடவே ஈரத்துணி பிழிவதுபோல் சுவர் முறுக்கிக்கொள்ளும். திரையில் நுனி தடிப்பாக, துள்ளித் துள்ளி உள்ளே வந்தால் அது நுனியே அல்ல. ப்ரோபை (மார்பில் வைக்கும் ஸ்கேன் கருவி) ஒரு விலா இடைவெளி கீழே இறக்கி, சற்று வெளிப்பக்கம் தள்ளுங்கள். நான்கு அறைகளும் தெரியும் நான்கறைப் படத்திலும், இடப்பக்க இரண்டு மட்டும் தெரியும் ஈரறைப் படத்திலும் வென்ட்ரிக்கிளின் நீளம் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் மறுபடி எடுங்கள். அந்த இரண்டாவது எக்கோ படங்களில் 8.8 சென்டிமீட்டரும் 7.5 சென்டிமீட்டரும்!

எங்களிடம் அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடக்கை தலைக்கு அடியில். "மூச்சை முழுசா விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்றதும் நுனி தெளிவாக விழுந்தது. மற்றதெல்லாம் பழகிய வேலை. கோடு வரையும்போது பாப்பிலரி தசையை (மிட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் உள்தசை) ஒதுக்கி வளைக்காதீர்கள், அது உள்ளறைக் கணக்கில்தான் சேரும். இடையில் ஒரு எக்டோபிக் துடிப்பு (முறை தவறி முன்கூட்டியே வருவது) வந்தது. அதற்கு அடுத்த துடிப்பு வழக்கத்தைவிட பலமாகத் தள்ளும், அதை அளந்திருந்தால் எண் கூடியிருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (துடிப்பு ஒழுங்கில்லாமல் வருவது) இருந்தால் ஐந்து துடிப்பாவது அளந்து சராசரி எடுங்கள்.

வென்ட்ரிக்கிள் நிரம்பியபோது 138 மில்லி, சுருங்கிய பின் 80. வெளியேறியது 58, அதுதான் 42 சதவீதம்.

"60-னா மீதி 40 போச்சா?" என்று வீட்டார் பயப்படுகிறார்கள். இல்லை. நல்ல இதயமும் 120 மில்லியில் 70 போலத்தான் தள்ளும், மிச்சம் உள்ளேயே நிற்கும். ஆனால் மிட்ரல் வால்வு அதிகமாகக் கசிந்தால் 60 என்பதிலும் ஒரு பங்கு பின்னோக்கிப் போகும் ரத்தம்தான், கசிவு வரியையும் படியுங்கள். எக்கோவுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட்டோடு சிடியையும் கொண்டுவாருங்கள். நுனி வெட்டுப்பட்டதை அந்தச் சிடியில்தான் கண்டுபிடித்தோம்.