உப்புக் கம்மியாட்டத் தெரியுது

போன வாரம் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பொண்ணு ஒருத்தி, பையருக்கு, அதாவது எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு, அனுப்ப வேண்டிய மெயிலைக் கொண்டுவந்து, "சரியா இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். 'த ஷேட் லுக்ஸ் லைக் டல்' என்று எழுதியிருந்தாள். லைக்கை எடுத்துவிடு என்றேன். "ஏனுங்க்கா? டல்லாட்டத் தெரியுதுன்னா லுக்ஸ் லைக் டல்தானுங்களே?" என்றாள்.

பதினேழு வருசமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கிற வேலை. வேலைக்கு வருகிற பிள்ளைகள் கோபி, காங்கேயம், தாராபுரம் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் இந்த லைக் கூடவே வரும். இலக்கணப் புத்தகத்தை நீட்டினால் யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை. நம் பேச்சைக் கொண்டே சொன்னால் ஐந்து நிமிசத்தில் ஏறிவிடுகிறது.

அவளுக்கும் அப்படித்தான் சொன்னேன். துணி டல்லா இருக்குது என்றால் 'லுக்ஸ் டல்'. நடுவில் ஒன்றும் வேண்டாம். காட்டன்தான், ஆனால் பட்டாட்ட, அதாவது பட்டு மாதிரி, இருக்குது என்றால் 'லுக்ஸ் லைக் சில்க்'. அங்கே இன்னொரு பொருளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறோம், அதனால் லைக் வேண்டும். மழை வர்றாப்பல இருக்குது என்றால் 'லுக்ஸ் லைக் இட்ஸ் கோயிங் டு ரெயின்', இல்லையென்றால் 'லுக்ஸ் ஆஸ் இஃப்'. அங்கே ஒரு முழுச் சேதியே பின்னால் வருகிறது. டல்லா, பட்டாட்ட, வர்றாப்பல. மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிற பாசைக்காரிக்கு இங்கிலீஷில் மட்டும் ஏன் குழப்பம் வரவேண்டும்?

அவள் விடவில்லை. "அப்படின்னா டல்லாட்டத் தெரியுதுங்கறது என்னங்க்கா? அதுவும் நாம சொல்றதுதானுங்களே."

நல்ல கேள்வி. அதற்கு இங்கிலீஷ் 'சீம்ஸ்'. அந்த ஒரு வார்த்தையை நான் படித்துக்கொள்ள 600 கிலோ துணி செலவானது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருசம். செங்கல் நிறத்தில் ஒரு டீ-சர்ட் ஆர்டர். வழக்கம்போல ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் அனுப்பியிருந்தோம். லேப் டிப் என்பது மொத்தமாகச் சாயம் போடுவதற்கு முன்னால் உள்ளங்கை அகலத் துணியில் போட்டுக் காட்டுகிற மாதிரி. பையர் ஆபீசிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'பி சீம்ஸ் எ டச் ரெட்.' எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சீம்ஸ் என்றால் அவர்களுக்கே உறுதியில்லை, எ டச் என்றால் துளியூண்டு. ஆக, பெரிய குறை இல்லை. மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். சொன்னது மட்டுமல்ல, நம்பினேன். பி-யை வைத்து மொத்தத் துணியும் சாயத்துக்குப் போனது. அந்தத் துணியிலிருந்து அனுப்பின பல்க் சாம்பிளைப் பார்த்ததும் அங்கிருந்து போன் வந்துவிட்டது. சிவப்பு அடிக்குதென்று அன்றைக்கே எழுதினோமே, சரிசெய்யாமல் ஏன் போட்டீர்கள் என்று கேட்டார்கள். அந்தத் துணியைக் கடைசியில் கருப்புச் சாயத்தில் முக்கி வேறு ஆர்டருக்குத் தள்ளினார்கள். இந்த ஆர்டருக்கு மறுபடி நூல் வாங்கி, மறுபடி நிட்டிங் ஓட்டித் துணி பின்னி, ராத்திரி சிஃப்ட் போட்டு முடித்தோம். என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

அந்த வாரம் ஊத்துக்குளிப் பக்கம் அமிச்சி, அதாவது அம்மாவைப் பெத்தவங்க, வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கியிருந்தார்கள். அமிச்சி ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "உப்புக் கொஞ்சம் கம்மியாட்டத் தெரியுது கண்ணு" என்றது. அத்தை எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து வைத்தார்கள். 'உங்களுக்கு உறுதியாத் தெரியுதுங்களா அத்தை?' என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அமிச்சி ஆயுசில் ஒருநாளும் மருமகளிடம் 'உப்பில்லை' என்று சொன்னதில்லை. கம்மியாட்டத் தெரியுது என்றாலே உப்பில்லை என்றுதான் அர்த்தம். நெய் ஊற்றிய சாதத்தை வாய்க்குக் கொண்டுபோன கை எனக்கு அப்படியே நின்றது. சீம்ஸ் எ டச் ரெட். அந்தப் பையரம்மா அமிச்சி மாதிரியேதான் பேசியிருக்கிறார். பொறந்ததிலிருந்து வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் மரியாதைப் பேச்சை, இங்கிலீஷில் வந்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது.

அதனால் என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன். சீம்ஸ், அப்பியர்ஸ், லுக்ஸ் எ பிட் என்று வந்தால் எவ்வளவு சந்தேகம் என்று அளக்காதீர்கள். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பணம் கொடுக்கிறவர்கள் சொன்னால் அது திருத்தச் சொல்வது.

ஆனால் எல்லா 'லுக்ஸ்'ஸும் மரியாதைக்காக வருவதில்லை. நிறத்தைப் பொறுத்தவரை 'இருக்குது' என்பதைவிட 'தெரியுது' என்பதுதான் சரியான வார்த்தை. வேறு வேறு வெளிச்சம் போட்டு நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் இரண்டு துணியை ஒட்டி வைத்துப் பாருங்கள். டி65 போட்டால் பகல் வெளிச்சம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டிஎல்84 போட்டால் ஐரோப்பாக் கடைகளின் குழல்விளக்கு வெளிச்சம்; ஒன்று பச்சை அடிக்கும். ஏ லைட் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சம். அதில் இன்னொன்று சிவப்பு அடிக்கும். துணி மாறவில்லை, சாயமும் மாறவில்லை. இதற்கு மெட்டாமெரிசம் என்று பேர். ஒரே நிறத்தை வேறு வேறு சாயக் கலவையில் கொண்டுவந்தால் இந்த வில்லங்கம் வரும். அதனால் 'த ஷேட் இஸ் ஓகே' என்று எழுத நான் யாரையும் விடுவதில்லை. 'அண்டர் டி65 இட் லுக்ஸ் ஓகே' என்று எழுதச் சொல்வேன்.

நிறத்துக்கு வார்த்தை இல்லாத சனம் இல்லை நாம். எங்கள் அப்பாரு, அப்பாவோட அப்பா, கண்ணபுரம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போவார். சிவப்பென்றால் செவலை, கருப்பென்றால் காரி, சாம்பல் என்றால் மயிலை என்று தூரத்திலேயே பிரித்துவிடுவார். காங்கேயம் கன்னு பிறக்கும்போது செவலையாகத்தான் விழும், ஆறு மாசத்தில் மயிலை கட்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிரே மெலாஞ்ச் என்கிற சாம்பல் கலப்புத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிலைதான். அதைவிட அடர்த்தியான ஆந்த்ரா மெலாஞ்ச் என்றால் மயிலைக்காளையின் திமில். பையருக்கு எழுத முடியாதுதான். ஆனால் என் கண்ணில் அந்த நிறம் அப்படித்தான் பதிந்திருக்கிறது, தப்பு வந்ததில்லை.

இன்னொன்று, இதைவிட ஆபத்தானது. 'வந்துருச்சாமா' என்று கடைசியில் ஒட்டுகிறோமே, அந்த 'ஆமா'. நிட்டிங்கில் போன் பண்ணிக் கேட்டுவிட்டு ஒரு பொண்ணு வந்து, "முடிஞ்சிருச்சாமாங்க்கா" என்று என்னிடம் சொல்வாள். அதே பொண்ணு மெயிலில் 'நிட்டிங் இஸ் கம்ப்ளீட்டட்' என்று எழுதுவாள். அந்த ஆமா எங்கே போனது? யாரோ சொன்னது, நான் கண்ணால் பார்க்கவில்லை என்கிற சேதி முழுசாக அந்த இரண்டெழுத்தில் இருந்தது. மெயிலில் அது உதிர்ந்துபோய், கேள்விப்பட்டது கண்ணால் பார்த்ததாக மாறிவிட்டது. அதற்கும் இங்கிலீஷில் வழி இருக்கிறது: 'அப்பேரன்ட்லி', இல்லையென்றால் 'த நிட்டர் ஸேஸ்'. தொழிலில் நான் இரண்டாவதைத்தான் எழுதச் சொல்வேன். யார் சொன்னார்கள் என்று இருந்தால் பின்னால் போய்க் கேட்கலாம்.

லைக் போட்டு எழுதின அந்தப் புதுப் பொண்ணு மெயிலை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். எழுதினதைத் தமிழில் சொல்லு பார்க்கலாம் என்றேன்.

"டி65-ல சரியாத் தெரியுதுங்க. டிஎல்84-ல கொஞ்சம் பச்சை அடிக்கறாப்பலத் தெரியுதுங்க. திருத்தின லேப் டிப் வியாழக்கெழமை வந்துருமாமாங்க, டையிங்ல சொன்னாங்க."

நிறுத்திவிட்டு, "இந்த 'ங்க'வுக்கு இங்கிலீஷ் என்னங்க்கா?" என்றாள்.

ப்ளீஸ் என்று சொல்ல வாய் வந்தது. அது இல்லை. அவள் மெயிலையே இன்னொரு தடவை படித்தேன். 'சீம்ஸ் எ டச் கிரீன்' என்று எழுதியிருந்தாள். "அந்த எ டச் இருக்குது பாரு, அதுல கொஞ்சம் இருக்குது" என்றேன். தலையாட்டிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு மறுபடி லைட் பாக்ஸுக்குப் போனாள்.