மாற்று ஆட்டக்காரர் தானே வந்து கேட்க வேண்டும்

கூடைப்பந்து நடுவர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஃபவுலிலும் (விதி மீறிய மோதல், பிடித்தல் போன்ற தவறு) டிராவலிங்கிலும்தான் (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைப்பது) மூழ்கிக் கிடப்பார்கள். எனக்குத் தண்ணீர் காட்டியது ஆள் மாற்றும் விதி. மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பயிற்சி கும்பகோணத்தில். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் நேரமெல்லாம் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகத்தில் 19-ஆவது விதியைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

விதி இதுதான். பந்து ‘டெட்’ ஆகியிருக்க வேண்டும், அதாவது ஆட்டத்தில் இல்லாமல் நின்றிருக்க வேண்டும்; ஆட்டக் கடிகாரம் நின்றிருக்க வேண்டும், ஃபவுல் என்றால் நடுவர் அதைக் கணக்கெழுதும் ஸ்கோரர் மேசைக்குச் சொல்லி முடித்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆள் மாற்றலாம். த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது) போடுபவர் கைக்கோ முதல் ஃப்ரீ த்ரோ (தடையின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு) போடுபவர் கைக்கோ பந்து போய்விட்டால் வாய்ப்பு முடிந்தது. கடைசி ஃப்ரீ த்ரோ கூடைக்குள் விழுந்தால் இரு அணிகளுக்கும் மறுபடி வாய்ப்பு உண்டு. வளையத்தில் பட்டுத் தெறித்தால் ஆட்டம் ஓடத் தொடங்கிவிடும்.

படித்தால் புரிகிறது; ஆட்ட வேகத்தில் கைக்கு வர நாளாகிறது. எனக்குப் பயிற்சி தந்த மூத்த நடுவர் விசிலைக் கையில் தரவில்லை. குறுவட்டப் போட்டிகளில் ஸ்கோரர் மேசையில் உட்காரவைத்தார். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை என்பேன்.

மாணவியர் ஆட்டம் ஒன்றில் பெஞ்சிலிருந்து பயிற்சியாளர், "சார், ஆளை மாற்றுங்கள்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். மேசையில் யாரும் ஹாரனைத் தொடவில்லை. மாற்று ஆட்டக்காரருக்கு மட்டுமே கேட்கும் உரிமை. பயிற்சியாளர் கேட்டால் செல்லாது. உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது தெரிய சற்று நேரமாயிற்று. ஷூ கயிற்றை இறுக்கி, பனியனை உள்ளே செருகிக்கொண்டு மேசைக்கு வந்தாள். இரண்டு கைகளையும் மார்புக்கு முன் குறுக்காக வைத்து, "மாற்று, சார்" என்றாள். பந்து டெட் ஆனதும் ஹாரன் ஒலித்தது. நடுவர் கையசைக்கும்வரை கோட்டுக்கு வெளியிலேயே நின்று, பிறகு ஓடினாள்.

நம் பள்ளிகளில் பிள்ளைகள் சொன்ன இடத்தில் நின்று பழகியவர்கள். யாரை இறக்குவது என்று பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். மேசைக்கு வந்து வாய் திறந்து கேட்கும் வேலையைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கக் கூடாது. நான் மேசையில் இருந்தால் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

செய்முறைத் தேர்வில் கேட்டது கடைசி 2 நிமிடத்தைப் பற்றி. நான்காவது கால் பகுதியில் 1:45 இருக்கும்போது கூடை விழுகிறது. போட்ட அணி ஆள் மாற்றக் கேட்டால்? கடிகாரம் நின்றிருந்தாலும் கிடையாது. கூடை விட்டுக்கொடுத்த எதிரணிக்குத்தான் அந்த உரிமை. துணைக் கேள்வி: இப்போதுதான் வெளியே போனவர் உடனே திரும்பலாமா? கடிகாரம் ஓடி, பந்து மறுபடி டெட் ஆகும்வரை முடியாது. ஐந்தாவது ஃபவுல் வாங்கியவருக்குப் பதில் ஆள் இறக்க 30 நொடி. தேறிவிட்டேன்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்ட வீடியோக்களைப் பார்த்துப் படிக்காதீர்கள். அங்கே பள்ளிகளுக்குத் தனி விதிப்புத்தகம். கால் பகுதி 8 நிமிடம், ஃபிபாவில் 10. கடைசி 2 நிமிடத்தில் கூடை விழுந்தாலும் அங்கே கடிகாரம் நிற்காது. எனவே மேலே சொன்ன 1:45 கேள்வியே அங்கே எழாது.