காவல் நிலைய வாசலில் மக்காச்சோளம்

இங்கிலாந்தில் மான்செஸ்டரிலிருந்து லீட்சுக்குப் போகும் வழியில், குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் டாட்மார்டன் என்ற பழைய சந்தை ஊரில் சென்ற கோடையில் ஒரு நாள் இறங்கினேன். பருத்தி ஆலைகளால் செழித்து, அவை மூடப்பட்டபின் தளர்ந்துபோன ஊர் அது. 1875இல் திறக்கப்பட்ட அதன் நகர மண்டபம் ஓர் ஓடையின் மேலேயே நிற்கிறது; அந்த ஓடைதான் அன்று இரு மாவட்டங்களான லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் எல்லை. ஆனால் நான் போனது மண்டபத்தைப் பார்க்க அல்ல, கீரையைப் பார்க்க.

ரயில் நிலையத்திலேயே மூலிகைப் பாத்தி இருந்தது. யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று பலகை சொன்னாலும், யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு கொத்து ரோஸ்மேரியைக் கிள்ளினேன்.

2008இல் பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் உள்ளிட்ட சிலர் ‘இன்கிரெடிபிள் எடிபிள்’ (நம்பமுடியாத உண்பொருள்) என்ற பெயரில் தொடங்கிய முயற்சி இது. மேரி கிளியர் தன் வீட்டு முன்தோட்டத்தின் மதிலை இடித்துவிட்டு, உள்ளே விளைவதை வழிப்போக்கர் எவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். அரசின் அனுமதிக்கோ நிதிக்கோ காத்திராமல், கேட்பாரற்றுக் கிடந்த பொது இடங்களில் நட்டுக்கொண்டே போனார்கள். காவல் நிலையத்தின் முன் மக்காச்சோளம் வளர்ந்தது. சுகாதார நிலையத்தைச் சுற்றியிருந்த முட்செடிகள் போய்ப் பழமரங்களும் மூலிகைகளும் வந்தன. சாப்பிடுகிற எவரும் இதில் சேரலாம் என்பதுதான் அவர்கள் வைத்த ஒரே விதி.

சாலையோரப் பாத்திகள் ஊரிலுள்ள சுமார் பதினைந்தாயிரம் பேருக்குச் சோறு போட்டுவிடாது. அதை வைத்து இந்த முயற்சியை எள்ளுபவர்கள் அதன் சூட்சுமத்தைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பாத்திகளை இணைத்து அவர்கள் வகுத்த நடைபாதை, வந்தவரைக் கால்வாய்க் கரை வழியாகவும் சிறு கடைகளையும் தேநீர் விடுதிகளையும் தொட்டும் கூட்டிச் சென்று சந்தைக்குள் விடுகிறது. செடியைப் பார்க்க வருகிறவருக்கு நடந்து முடிக்கையில் பசிக்கும், எதையாவது வாங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளூரில் வளர்ந்தது எது என்று கேட்கும் பழக்கம் வாங்குகிறவருக்கு வந்துவிட்டால், அதை எழுதி வைக்கும் பழக்கம் வியாபாரிக்குத் தானாக வரும். பழைய கட்டடங்களுக்கு வண்ணம் பூசி அழகுபடுத்தும் திட்டங்கள் பலவற்றில் நான் காணாதது இந்தக் கணக்குத்தான்.

1879இல் எழுந்த சந்தைக் கூடத்தில் பாலாடைக்கட்டி விற்ற அம்மையார், ஒவ்வொன்றும் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று சொல்லிச் சொல்லி மெல்லிய துண்டுகளை வெட்டித் தந்தார். மூன்றாவது துண்டைத் தின்றபின் வாங்காமல் நகர முடியவில்லை. திரும்பும் ரயிலில் என் பையில் இரண்டு வகைக் கட்டிகளும் ஒரு ரொட்டியும் இருந்தன. காசு கொடுக்காமல் எடுத்து வந்தது அந்த ஒரு கொத்து ரோஸ்மேரி மட்டும்தான்.