மூன்று வயது ஓர்வால்

போன சனிக்கிழமை சாயங்காலம் நிலவறைக்குள் இறங்கி, ஓர்வால் என்ற பெல்ஜிய பீரில் மூன்று பாட்டில் எடுத்து வந்தேன். ஒன்று அடைத்து இரண்டு மாதம் ஆனது. இன்னொன்றுக்குப் பத்து மாதம். மூன்றாவதற்கு மூன்று வருடம் தாண்டிவிட்டது. ஈரோட்டிலிருந்து அண்ணன் வந்திருந்தார். "இங்கே நல்ல பீர் எதுவோ அதை மட்டும் காட்டுடா, போதும்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். பெல்ஜியத்தில் இருந்துகொண்டு ஒன்றை மட்டும் காட்டுவது கஷ்டம். ஆனால் எனக்கு விடை தயாராக இருந்தது. ஒரே பீர்தான், மூன்று வயதில்.

நான் லூவெனுக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்குக் கீழே செங்கல் வளைவு போட்ட சின்ன நிலவறை ஒன்று உண்டு. கோடையில்கூட 15 டிகிரியைத் தாண்டாது. வீட்டுக்காரர் சைக்கிள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த இடம். இன்று அங்கே நாற்பது ஐம்பது பாட்டில் நிற்கிறது. ஒவ்வொன்றின் கழுத்திலும் டேப் ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். பீரை வைத்திருந்து குடிப்பது என்ற எண்ணமே எனக்கு இந்த ஊருக்கு வந்த பிறகுதான் வந்தது. அதற்கு முன் பீர் என்றால் ஐஸ் போலக் குளிர்ந்து, வாங்கிய அன்றே தீர வேண்டிய சாமான்.

ஓர்வால் பாட்டிலை ஒருமுறை பார்த்தால் மறக்காது. அடி அகன்று கழுத்து ஒடுங்கி, பௌலிங் விளையாட்டில் அடுக்கி வைக்கிற கட்டை மாதிரி இருக்கும். ஹென்றி வாஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படை 1793ல் கொளுத்திவிட்டுப் போன ஓர்வாலின் பழைய துறவிகள் மடத்தை 1926லிருந்து திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டதும் அவர்தான். கட்டுகிற செலவுக்குப் பணம் வேண்டும் என்று 1931ல் துறவிகள் பீர் ஆலை தொடங்கினார்கள். லேபிளில் ஒரு மீன், அதன் வாயில் ஒரு தங்க மோதிரம். மட்டில்டா என்ற சீமாட்டியின் மோதிரம் சுனையில் விழுந்துவிட, அவள் பிரார்த்தனை செய்ததும் ஒரு மீன் அதைக் கவ்விக்கொண்டு மேலே வந்ததாம். அதனால் அந்த இடம் பொன் பள்ளத்தாக்கு, பிரெஞ்சில் ஓர்வால், ஆயிற்றாம். அண்ணன் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம சகுந்தலை மோதிரம்!" என்றார். இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

அந்தப் பாட்டிலுக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மற்ற பீர் மாதிரி ஓர்வாலும் சாதாரண ஈஸ்ட் போட்டுத்தான் புளிக்கிறது. அப்புறம் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை ஊறப்போடுகிறார்கள். கடைசியில் பாட்டிலில் அடைக்கும்போது இன்னொரு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். அதன் பெயர் ப்ரெட்டனோமைசிஸ். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் இருந்த கிளவுசன் என்பவர் 1904ல் இதைப் பற்றி எழுதினார். நாள்பட வைத்த ஆங்கிலேய பீர்களுக்கு அந்தத் தனி மணம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய் இதைக் கண்டுபிடித்தார். பெயரில் இருக்கும் 'ப்ரெட்' பிரிட்டனைக் குறிப்பது அதனால்தான். சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைக்கும் மாவுச் சர்க்கரையை இது மெதுவாகத் தின்னும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில். லேபிளில் 6.2 சதவீதம் என்று போட்டிருந்தாலும் பாட்டிலுக்குள் ஆல்கஹால் சிறிது சிறிதாக ஏறும், இனிப்பு இறங்கும், நுரை கூடும். கூடவே ஹாப்ஸின் மணம் மங்கும். ஆக, ஒரே பாட்டிலுக்குள் ஒன்று தேய்கிறது, ஒன்று வளர்கிறது. எந்த நாளில் திறக்கிறோமோ அந்த நாளின் பீர்தான் நமக்குக் கிடைக்கும்.

சரி, அன்றைக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டு மாதத்தது. செம்பு கலந்த ஆரஞ்சு நிறம். நெருங்கும் முன்பே நாரத்தைத் தோலைக் கீறியது போல வாசனை. நாக்கில் பட்டதும் நல்ல கசப்பு, அடியில் கொஞ்சம் இனிப்பு. அண்ணனுக்கு உடனே பிடித்துவிட்டது. "இது நல்லாருக்குடா" என்று பாதிக் கோப்பையை ஒரே இழுப்பில் முடித்தார். நல்ல பீர்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த வயதில் இது கசப்பான நல்ல பீர்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அடுத்தது பத்து மாதம். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்து நின்றது. பாட்டிலைச் சாய்த்து ஊற்ற ஊற்ற நுரை கோப்பையை நிறைத்துக்கொண்டு எழுந்தது. இரண்டு நிமிடம் காத்திருந்துதான் மீதியை ஊற்ற முடிந்தது. அண்ணன் மூக்கை உள்ளே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "என்னடா இது, கட்டுத்தரை வாசம் அடிக்குது?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பீர் ருசி பார்க்கிறவர்கள் ப்ரெட்டின் மணத்தைக் குதிரைப் போர்வை என்பார்கள். குதிரை வியர்வை ஊறிய கம்பளியை நான் எங்கே மோந்து பார்த்தேன்? ஆனால் கட்டுத்தரை தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு எருமை, ஒரு பசு இருந்தன. விடிகாலையில் அங்கே போனால் காய்ந்த சோளத்தட்டு, ஈரமண், மாட்டு உடம்பின் சூடு எல்லாம் கலந்து வரும். நாற்றம் இல்லை அது, மணம்தான். அதேதான் இந்தக் கோப்பையிலும். அதற்கு மேலே இன்னும் மிச்சமிருக்கும் ஹாப்ஸின் வாசனை. குடித்தால் இனிப்பே இல்லை, வாய் சுத்தமாகக் காய்ந்துபோகிறது. அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகிறது. ஏழெட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை, இதுதான் ஓர்வாலின் சரியான வயது என்பது என் முடிவு. இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் காலம் அதுதான்.

மூன்று வருடத்தது? ஹாப்ஸ் போயேவிட்டது. தோல் பை, வைக்கோல், ஓரத்தில் கொஞ்சம் எலுமிச்சை. மெலிந்து, வற்றி, தெளிந்து இருந்தது. மதிக்கத்தக்க பீர். ஆனால் ஆசையாகக் குடித்தேன் என்று சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் வைத்தால் ரொம்ப நன்றாக இருக்கும் என்று நம்பித்தான் ஆரம்ப காலத்தில் ஆறேழு பாட்டிலை ஒதுக்கி வைத்தேன். அந்த நம்பிக்கையை நான் விட்டுவிட்டேன்.

வயதானால் மேலும் மேலும் நன்றாக ஆகும் பீர் வேறு. எனக்குத் தெரிந்தவரை அதில் முதலிடம் ரோஷ்ஃபோர் 10க்குத்தான். இதுவும் துறவிகள் மடத்துப் பீர், 11.3 சதவீதம், கரும்பழுப்பு. புதிதாகத் திறந்தால் ஆல்கஹாலின் காரம் தொண்டையில் குத்தும். நாலைந்து வருடம் வைத்தால் அந்தக் குத்தல் முழுக்க அடங்கிவிடுகிறது. பேரீச்சை, உலர்ந்த அத்தி, கருப்பட்டிப் பாகு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொஞ்சம் காற்று பட்டுக் கெடுவதால் வருகிற ருசிதான் அதில் பாதி. மெல்லிய பீரில் அதே காற்று ஈர அட்டை ருசியைத் தரும். கறுத்த, கனத்த பீரில் பழைய ஒயின் மாதிரி ஆகிவிடும். எங்கள் பாட்டி புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அமுக்கி வைப்பார். புதுப்புளி சிவப்பாக, சுள்ளென்று இருக்கும். பழம்புளி கறுத்து, அந்தச் சுள்ளாப்பு அடங்கி, குழம்புக்கே வேறு ருசி தரும். ரோஷ்ஃபோரில் நடப்பதை அண்ணனுக்கு அப்படித்தான் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

வெஸ்ட்ஃப்ளெட்டெரென் 12 என்ற இன்னொரு மடத்துப் பீரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நெடுங்காலம் லேபிளே இல்லாமல், விவரமெல்லாம் மூடியில் போட்டு வந்த பாட்டில், 10.2 சதவீதம். அருமையான பீர். ஆனால் அதை வாங்கப் படும் பாட்டையும் வெளியில் விற்கும் விலையையும் பார்த்தால் எனக்கு ரோஷ்ஃபோரே போதும்.

வைக்கக்கூடாத பீரையும் நான் வைத்துக் கெடுத்திருக்கிறேன். முதல் வருடம், நல்ல மாம்பழ வாசனை அடித்த, ஐபிஏ என்கிற வகை பீர் ஒன்று. ஹாப்ஸ்தான் அதன் உயிர் என்று தெரியாமல் ஒரு வருடம் பத்திரமாக வைத்தேன். திறந்தபோது மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. அந்த வகையை வாங்கின வாரமே குடித்துவிட வேண்டும். இன்னொரு தவறு இன்னும் உறுத்துகிறது. பழைய வீட்டில் நிலவறை இல்லை என்று வெந்நீர் பாய்லர் இருந்த அலமாரியில் பன்னிரண்டு ரோஷ்ஃபோரை இரண்டு குளிர்காலம் வைத்திருந்தேன். அத்தனையும் பாழ். சோயா சாஸ் மாதிரி உப்புக் கலந்த ஒரு கசடு ருசி. சூடும் வெளிச்சமும்தான் எதிரி. இருட்டு, 10 முதல் 15 டிகிரி, பாட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஈஸ்ட் அடியில் படிய வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும், விலை உயர்ந்த அலமாரி எதுவும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை ப்ரஸ்ஸல்ஸுக்குக் கூட்டிப் போனேன். ஆண்டர்லெக்டில் 1900லிருந்து இருக்கும் காண்டியோன் ஆலை ஞாயிறு மூடியிருக்கும். அதனால் ஒரு கடையில் உட்கார்ந்து பூன் ஆலையின் ஊட குஸ் என்ற புளிப்பு பீர் வாங்கினோம். இதற்கு ஈஸ்டே சேர்ப்பதில்லை. கோதுமையும் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) காய்ச்சிய கஞ்சியைக் குளிர்காலத்தில் ஓர் இரவு முழுக்க அகலமான தொட்டியில் திறந்து வைப்பார்கள். காற்றில் இருப்பது வந்து விழும், அப்புறம் மரப்பீப்பாய்க்குள் போகும். ஒன்று, இரண்டு, மூன்று வருடத்துச் சரக்கைக் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். பூன் பாட்டிலில் இருபது வருடம் தள்ளித் தேதி போட்டிருக்கும். நம்பி வைக்கலாம்.

அண்ணன் ஒரு மடக்கு குடித்தார். முகம் சுருங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கவில்லை. இன்னொரு மடக்கு. "பழைய சோத்துத் தண்ணிடா இது. மூணாம் நாள் தண்ணி." அப்படியேதான். அதிலும் யாரும் எதையும் போடுவதில்லை. சோறும் தண்ணீரும் பானையும் இரவும்தான் அதைப் புளிக்கவைக்கின்றன. ஓர்வாலின் கட்டுத்தரை வாசத்துக்குத் தயங்கியவர், இந்தக் குஸ் பாட்டிலில் பெரும் பங்கை அவரே குடித்தார்.

செவ்வாய்க்கிழமை அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து காலி பாட்டில்களைக் கழுவிக் கடைக்கு எடுத்துப் போனேன். பாட்டிலுக்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும். ஓர்வால் எப்போதும் இருக்காது. அன்றைக்கு இருந்தது. ஆறு வாங்கினேன். அடைத்த தேதியைப் பார்த்தால் ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. நிலவறையில் இடது மூலையில் நிறுத்தி, ஐந்து பாட்டிலுக்கு வழக்கம்போல் தேதி எழுதினேன். ஆறாவதில் தேதிக்குக் கீழே 'அண்ணன்' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வருடம் பொங்கல் முடிந்து வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் அது சரியான வயதுக்கு வந்திருக்கும்.