விடிய விடிய கூத்து, அரை மணி நேர கேமரா

போன வருடம் தவறவிட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரௌபதி அம்மன் திருவிழா, அர்ச்சுனன் தபசு. விடியப் போகிற நேரம். அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே தபசு மரத்தில் ஏறுகிறார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையை ஓங்கினார், கேமராவில் சிவப்புப் புள்ளி அணைந்துவிட்டது. 29 நிமிடம் 59 விநாடி முடிந்திருந்தது. மறுபடி அழுத்துவதற்குள் பழம் யாரோ ஒருத்தியின் மடியில்.

ஐரோப்பாவில் 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கேமராவை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுச் சுங்க வரி போட்டார்கள். அதனால்தான் போட்டோ கேமராக்களில் இந்த எல்லை. புதிய மாடல்கள் பலவற்றில் இல்லை, என்னுடையது பழையது.

இந்த வருடம் தயாராகப் போனேன். ஜெனரேட்டர் கரண்டை நம்பாமல், பவர் பேங்கிலிருந்து டம்மி பேட்டரி, அதாவது பேட்டரியின் இடத்தில் செருகி வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கட்டை. 50 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 50 மெகாபிட்) தரத்தில் மணிக்கு 22.5 ஜிபி ஓடுகிறது. 128 ஜிபி கார்டு ஐந்தரை மணி நேரம் தாங்கும், நடுவில் ஒருமுறை மாற்றினேன். விளக்கு மினுக்காமல் இருக்க ஷட்டர் 1/50 விநாடி. ஃபோகஸ் கையால்தான். ஆட்டோவில் விட்டால், வேடக்காரர் சுழன்று ஆடும்போது கிரீடத்தை விட்டுப் பின்னாலிருக்கும் விளக்கைப் பிடித்துக்கொள்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி. கூத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. புது வேடம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அப்போது நிறுத்தி உடனே தொடங்கினால் போவது வெறும் துணிதான். திரை வராமல் காட்சி நீண்டால், 25 நிமிடத்தில் போன் அதிரும். பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திரும்பப் பாடும்வரை காத்திருந்து நிறுத்துவேன். சத்தம் மட்டும் தனி ரெக்கார்டரில், முகவீணை என்ற ஊதுகுழல் வாசிப்பவர் பக்கத்தில், இரவெல்லாம் அறுபடாமல் ஓடியது. எடிட்டிங்கில் ஒவ்வொரு துண்டையும் தாளத்தின் அடியை வைத்துப் பொருத்தினேன். ஒலியின் அலைவரைபடத்தில் அது ஊசி போல நிற்கிறது, கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை.

அர்ச்சுனன் மரத்தில் கால் வைத்ததும் புதிதாகத் தொடங்கினேன். இந்த முறை பழம் கையை விட்டு மடியில் விழும்வரை முழுதாகக் கிடைத்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் அமைப்பை) மேடை விளக்குக்கு வைத்தபடியே விட்டதால் விடியல் வானமும் அவர் முகமும் நீலம் பாய்ந்து கிடக்கின்றன. அடுத்த வருடம், மரம் ஏறுவதற்கு முந்தைய நிறுத்தத்தில் அதையும் மாற்ற வேண்டும்.