எந்தப் பக்கம்?

ஜூலை 16, 2025, புதன்

விண்ணப்பம் வந்துவிட்டது. மனநலச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு. நான்கு பக்கத்தில் மூன்று சுலபம். பெயர், மதிப்பெண், பதிவு எண். நான்காவது பக்கத்தில் ஒரே கேள்வி: இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? முந்நூறு சொற்களுக்குள்.

கூட வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருத்தி, போன வருடம் தான் எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று ஆரம்பிக்கிறது. மூன்றாவது வரியில் கைவிளக்கேந்திய காரிகை வந்துவிடுகிறார். நைட்டிங்கேல் அம்மையார் மேல் எனக்குக் கோபமில்லை. விளக்கைவிட அவருடைய கணக்கு நோட்டுதான் எனக்குப் பிடிக்கும். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்று எண்ணிக் காட்டியவர். ஆனால் அவரை என் விண்ணப்பத்துக்குள் இழுத்தால் அது பொய்.

நான் நர்ஸிங் சேர்ந்தது சவூதிக்காக. பாம்பனில் எங்கள் தெரு அக்கா ஒருவர் அங்கே வேலைக்குப் போய், மூன்றே வருடத்தில் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டினார். அந்த மாடியைக் காட்டித்தான் அம்மா என்னைக் காலேஜில் சேர்த்தார். இதை முந்நூறு சொல்லில் எந்த இடத்தில் வைப்பது?

ஜூலை 19, சனி

நைட் டூட்டி. எழுதவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எழுதாததற்கு டூட்டி மட்டும் காரணமில்லை.

எலும்பு வார்டு. கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர், வயது அறுபத்தெட்டு. இடுப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். இரவு பதினொரு மணிக்கு மேல் ஆளே மாறிவிட்டார். ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். பெற்ற மகனையே "யாருடா நீ" என்று கேட்டார். ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களுக்கு இப்படி வருவதுண்டு. உடம்பில் உப்பு குறைந்தால் வரும், கிருமி ஏறினால் வரும், வலி மருந்தாலும் வரும். காரணத்தைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

கையைக் கட்டு என்று உத்தரவு வந்தது. கட்டினேன். காஸ் துணியால் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு சேர்த்து. முடிச்சு நன்றாகவே விழுந்தது. பாம்பன்காரிக்கு முடிச்சா வராது?

அரை மணி நேரமாகியும் முனகல் நிற்கவில்லை. என்ன சொல்கிறார் என்று மகனிடம் கேட்டேன். "சும்மா உளறுறாரு சிஸ்டர்." அப்புறம்தான் பெரியவரின் வாயருகே காதைக் கொண்டுபோனேன்.

"ஒண்ணுக்கு வருது."

அன்று காலையில்தான் சிறுநீர்க் குழாயை எடுத்திருந்தோம். கட்டை அவிழ்த்துவிட்டு பாட்டிலைப் பிடித்தேன். அறுநூறு மில்லி. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

"நோயாளி அமைதியின்றி இருந்தார்" என்று சார்ட்டில் எழுதினேன். கட்டியதை எழுதவில்லை. எழுது என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அக்னி தீர்த்தத்துக்குப் போகும் கூட்டம் எல்லா பஸ்ஸிலும். டூட்டி முடிந்து பாம்பன் பாலத்தைத் தாண்டுவதற்குள் பாதி நாள் போய்விட்டது. விண்ணப்பத்தைத் தொடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கலாம் அய்யாவின் பத்தாம் நினைவு நாள். பேய்க்கரும்பில் கூட்டம். நான் வீட்டிலேயே இருந்தேன், மாமாவும் இருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, வயது நாற்பத்தெட்டு. 1999இல் முதலில் தூக்கம் போனது. அப்புறம் கடலுக்குப் போவது நின்றது. ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றார். அது மனச்சிதைவு என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அம்மாச்சிக்குத் தெரிந்த ஒரே இடம் ஏர்வாடி தர்கா. இந்து, முஸ்லிம், வேதக்காரர் என்று எல்லாரும் போகிற இடம். கனவில் உத்தரவு வரும்வரை தங்கியிருப்பார்கள். தர்காவைச் சுற்றித் தனியார் வீடுகள் இருந்தன. மாதப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்வது என்றால் சங்கிலி போடுவது.

அம்மாச்சிக்குச் சின்னப்பாலம். பாசி எடுத்துத்தான் அந்தப் பணத்தைக் கட்டினார். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, தீவுப் பக்கம் முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்ப்பார். அதிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது அந்த அகர்தான் என்று முதல் வருடத்தில் படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னேன். "கிருமி வளக்கவா நான் இம்புட்டு முங்குனேன்" என்றார்.

2001 ஆகஸ்ட் 6, விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. சேதி வந்தபோது அம்மாச்சி கடலில் இருந்தார். ஈரச் சேலையோடு பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் மாறி, ஏர்வாடிக்குப் போனார். மாமா இருந்தது வேறு தெருவில், வேறு வீட்டில். அதைத் தெரிந்துகொள்ள அவருக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. அப்புறம் அந்த வீடுகளை அரசு மூடியது. பலரைச் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமாவை அம்மாச்சி வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்.

நான் அடுத்த வருடம் பிறந்தேன். நான் அறிந்த மாமா திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த நண்டு வலையைச் சரிபார்ப்பவர். வலது கணுக்காலில் கொலுசு மாதிரி ஒரு கறுத்த தழும்பு உள்ளவர். ஏழாம் வகுப்பில் தோழிகள் வீட்டுக்கு வந்தபோது, அது யாரு என்றார்கள். "வலைக்கு வந்த ஆளு" என்றேன்.

மாமாவுக்குக் கேட்டது.

ஜூலை 30, புதன்

நான் ஏழாம் வகுப்புப் படித்த அதே வருடம், 2014. மாமாவுக்கு ஊசி போட ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அம்மாச்சி போகும்போது, பள்ளிக்கூடம் லீவு என்று நானும் போனேன். ஃப்ளூஃபெனசின். எண்ணெயில் கலந்த மருந்து. சதையில் ஆழமாகப் போட்டால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாத்திரையைத் துப்புகிறவர்களுக்கும் மறக்கிறவர்களுக்கும் அதுதான் வழி. ஒரே இடத்தில் போடக் கூடாது, பக்கம் மாற்ற வேண்டும்.

தூங்குறாரா, சாப்பிடுறாரா, சத்தம் போடுறாரா என்று எல்லாரும் அம்மாச்சியிடம்தான் கேட்பார்கள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அன்று புதிதாக ஒரு நர்ஸ் இருந்தார். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "அண்ணே, போன தடவை எந்தப் பக்கம்?" என்றார்.

அம்மாச்சி வாயைத் திறந்தார். நர்ஸ் கையமர்த்திவிட்டு மாமாவையே பார்த்தார். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"இடது."

"அப்ப இன்னைக்கு வலது."

மாமாவிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டு, பதிலை நம்பி, அதன்படி ஒரு வேலையைச் செய்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கு அப்புறமும் சவூதிக் கனவு போகவில்லை, ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் மனநல வார்டுப் பயிற்சிக்குப் போனபோது, தோழிகள் நாள் எண்ணிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அது முடிந்துவிடுகிறதே என்றிருந்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். பிரிவு 95: எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது. பிரிவு 97: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் கட்டலாம். எலும்பு வார்டு மனநல மருத்துவமனை இல்லை, காஸ் துணி சங்கிலியும் இல்லை. சட்டப்படி நான் தப்பித்துவிடலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதி முடித்தேன். இருநூற்றுத் தொண்ணூறு சொல். தீ, சங்கிலி, ஈரச் சேலை எல்லாம் இருக்கிறது. சிஸ்டருக்கு அனுப்பினேன். "சங்கிலி ஒண்ணு போதும்டி, சீட்டு நிச்சயம்" என்று பதில் வந்தது. படித்ததும் சோறு இறங்கவில்லை. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

திண்ணை. மாமா மடியில் வலை. மருந்தால் விரலில் லேசான நடுக்கம் உண்டு, ஆனாலும் முடிச்சு தப்பாது.

"மாமா, ஒங்களப் பத்தி எழுதிருக்கேன். அனுப்பட்டுமா?"

"வாசி."

விண்ணப்பத்தையும் வாசித்தேன், இந்த நாட்குறிப்பையும் வாசித்தேன். "வலைக்கு வந்த ஆளு" வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "ம், வாசி" என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். கடைசிவரை வாசித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "காலேசுக்குச் சங்கிலி வேணாம் தாயி. அந்த ஊசிக்காரப் பொண்ண எழுது. அந்தப் பெரியவர நீ கட்டுனயே, அதையும் எழுது."

"அத எழுதுனா சீட்டு கெடைக்காது மாமா."

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"அப்ப இந்த நோட்டு? அழிச்சிரவா?"

"இது கெடக்கட்டும். நம்ம ஊருக்குத் தெரியாததா? ஆனா ஒண்ணு தப்பா இருக்கு."

எது என்று கேட்டேன். மடியிலிருந்த வலையை ஒதுக்கி, கைலியைக் கொஞ்சம் தூக்கி, காலை நீட்டினார்.

இடது கால்.